உங்கள் பெயர் பொறித்த தட்டு

டீச்சர்,

இன்று காலை பள்ளி மண்டபத்து அலமாரியிலிருந்து உங்கள் எவர்சில்வர் தட்டு வெளியே வந்தது. பழைய திருநீறும் சூடக் கரியும் கலந்த வாசனை. விளிம்பில் புள்ளி புள்ளியாக உங்கள் பெயர், பக்கத்தில் ‘அன்பளிப்பு’ என்ற சொல். தலைமையாசிரியர் அதை என் கையில் கொடுத்து, “டீச்சர் ஞாபகமா பேனாவெல்லாம் இதுலயே வைங்க” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்கள் சாவு வீட்டில் எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். அங்கே நான் அடக்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வருடத் தொடக்கத்திலேயே பேனா பூஜை வைப்பது உங்கள் ஏற்பாடு. பிள்ளைகள் புதுப் பேனா கொண்டுவருவார்கள். நீங்கள் ஒவ்வொன்றாக வாங்கித் தட்டில் அடுக்கிப் பிள்ளையார் முன் வைப்பீர்கள். இந்தப் பீடோங் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த வருடம், கௌசல்யாவும் ஒரு பேனாவை நீட்டினாள். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவரின் மகள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுவாள். நீங்கள் அந்தப் பேனாவை அவள் சட்டைப் பையிலேயே செருகிவிட்டீர்கள்.

“உனக்கு எதுக்குமா பூஜை? போய் திடல்ல குப்பை பொறுக்கு.”

அவள் அழவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். “நீ புதுசு லா. இதுங்க தேறாது. நல்லா படிக்கிறதுங்கள பாரு, பள்ளிக்கூடத்துக்குப் பேராவது கிடைக்கும்.”

அன்று பிற்பகலே அவளைச் சிற்றுண்டிச்சாலை மேசையில் உட்கார வைத்தேன். தினமும் பள்ளி வேன் வரும்வரை வாசிப்பு. பிஸ்கட் பொட்டலம், துணி துவைக்கும் சவர்க்கார உறை, கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் வாசிக்க வைத்தேன். அவள் மேல் பாசம் அப்புறம்தான் வந்தது. முதலில் இருந்தது உங்கள் மேல் வெறுப்பு மட்டும்தான். உங்கள் சொல்லைப் பொய்யாக்க வேண்டும் என்ற வீம்பில் வேலை செய்தேன்.

வருடக் கடைசித் தேர்வில் அவள் தமிழிலும் மலாயிலும் தேறினாள். கணக்கில் தேறவில்லை. நீங்கள் கணக்கில் தோற்றதை மட்டும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொன்னீர்கள். இன்று அவள் சுங்கைப்பட்டாணியில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். வயதானவர்களுக்கு மருந்து உறையை வாசித்து விளக்குகிறாள்.

நீங்கள் மோசமாகப் பாடம் நடத்தியவர் இல்லை. உங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் டாக்டர்களாகிவிட்டார்கள். அவ்வளவு நன்றாகக் கற்பிக்கத் தெரிந்தும் பாதி வகுப்பைத் திடலுக்கு அனுப்பினீர்களே, அதைத்தான் நான் மன்னிக்கவில்லை.

போன மாதம் ஒரு பயிலரங்கில், எல்லாப் பிள்ளைகளையும் கரையேற்ற எங்களைத் தூண்டுவது எது என்று கேட்டார்கள். மற்றவர்கள் அன்பு என்றார்கள், சேவை என்றார்கள். எனக்கு உங்கள் முகம்தான் வந்தது. நானும் சேவை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போனபின் இந்தக் கோபமும் அடங்கிவிடுமோ, வெறுங்கையோடு வகுப்புக்குப் போக வேண்டுமோ என்று பயந்தேன். பயந்திருக்க வேண்டியதில்லை. இன்று காலை புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியை தட்டை எட்டிப் பார்த்து, “இடம் பத்தாது டீச்சர். நல்லா படிக்கிறவங்க பேனாவ மட்டும் வைப்போமா?” என்றாள். உங்கள் குரலேதான். அவளை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிற்றுண்டிச்சாலையிலிருந்து ஒரு வாழை இலை வாங்கிவரச் சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளைகளின் பேனாக்களை அதில் பரப்பினேன். பிள்ளையாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாசிக்கத் திணறுகிறவர்களைப் பெயர் சொல்லி முன்னால் அழைத்தேன். அவர்கள் பேனாவை அவர்கள் கையாலேயே வைக்கச் சொன்னேன், டீச்சர், உங்கள் தட்டில்.