மூன்று பேருக்கு ஒரு டேப்

அக்கா,

போன சனிக்கிழமை ஒரு வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதலில் தாக்கியது வாசனைதான். திரையில் வெளிச்சம் விழக் கூடாதென்று ஜன்னல்களை மூடிக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். வேர்வை, சாப்பாட்டு டப்பா, சூடான பிளாஸ்டிக் எல்லாம் கலந்த புழுக்கம். நீங்களாக இருந்தால் யாரையும் கேட்காமல் துணியை விலக்கியிருப்பீர்கள். நான் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆரம்பாக்கத்தில் என் பக்கத்து வீட்டுச் செல்வி, மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டுத்தான் போனேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில், கார் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பும் வேலை அவளுக்கு. மகள் யாழினி அந்தத் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. குழந்தை தினமும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வருகிறாள் என்பது செல்வியின் கவலை. என் சந்தேகம் வேறு. வகுப்பில் டேப் என்கிற கைக்கணினியில் பாடம் படித்துப் பதிலை அமுக்குகிறார்கள்; வாராவாரம் செல்வியின் போனுக்குப் பச்சை நட்சத்திரங்கள் வருகின்றன, குழந்தை நன்றாகப் படிக்கிறாளாம். நானோ அவள் ஒரு கடைப் பெயர்ப்பலகையைக்கூட வாய்விட்டுப் படித்துக் கேட்டதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் எல்லாருக்கும் கண்ணைப் பற்றித்தான் பேச்சு.

"காலீல இருந்து ஸ்கிரீனயே பாத்துக்கினு குந்தினு இருந்தா கண்ணு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் கம்பெனிச் சட்டையோடு வந்திருந்த ஒருவர்.

"வீட்ல போன் குடுக்கிறது யாரு சார்? முதல்ல அதை வாங்கி வைங்க" என்றார் தலைமையாசிரியை.

"வாங்கி வச்சா ஹோம்வொர்க்க அதுலதானே அனுப்புறீங்க மேடம்!"

எல்லாரும் சிரித்தோம். தலைமையாசிரியையும் சிரித்துவிட்டு, திரையில் நட்சத்திரங்களைப் போட்டுக் காட்டினார். யாழினி பெயருக்கு நேராக ஒரே பச்சை. செல்வியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் அப்படிப் பூரித்திருக்கும்போதுதான் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

நம் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி நினைவிருக்கிறதா? உங்கள் வகுப்பு மொத்தமும் பாடத்தை ஒரே குரலில் முழங்கியது. அவர் திருப்தியாகக் கிளம்பிவிட்டார். நீங்கள் வழிமறித்து, "ஒவ்வொருத்தரா கேளுங்க சார்" என்றீர்கள். கேட்டார். பாதி வகுப்புக்கு வாய் மட்டும்தான் அசைந்திருந்தது. அவர் போனதும் தலைமையாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னா டீச்சர், நல்லா போய்க்கினு இருந்தத கெடுத்துட்டீங்களே!"

"நல்லா போய்க்கினு இருந்தது சத்தம் சார்" என்றீர்கள் நீங்கள்.

அதே சத்தம் இப்போது பச்சை நிறத்தில் வருகிறதோ என்று தோன்றியது. எழுந்து கேட்டேன். "டேப் பிள்ளைக்கு ஒண்ணா மேடம்?"

"மூணு பேருக்கு ஒண்ணு. சேர்ந்து கத்துக்கட்டும்னுதான்."

கூட்டம் கலைந்த பிறகு யாழினியை அவள் இடத்தில் உட்காரவைத்து, அவர்கள் டேப்பில் படித்த வரி ஒன்றையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் திரும்பிக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"அங்க யாருடா கண்ணு?"

"கீர்த்தி. அவதான் அமுக்குவா. ஸ்டார் வந்தா நாங்க கை தட்டுவோம்."

குழந்தை பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அவளைப் பொறுத்தவரை கை தட்டுவதும் பாடம்தான். கெட்டிக்காரி ஒருத்தியின் விரலுக்கு மூன்று பேருக்கும் நட்சத்திரம் விழுந்திருக்கிறது. செல்வியையும் வைத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் சொன்னேன். "பார்க்கிறோம் மேடம்" என்றார். அந்தப் "பார்க்கிறோம்" நமக்குப் புதிதா என்ன?

திரும்பும் வழியில் ரயில்வே கேட்டில் ஷேர் ஆட்டோ நின்றபோது செல்வி சொன்னாள். "நாள் பூரா ஒவ்வொரு பீஸா திருப்பித் திருப்பிப் பாக்கறேன் டீச்சர். எம் பொண்ண மட்டும் ஸ்டாரப் பாத்து ஓகே பண்ணிட்டனே."

"நீ மட்டுமில்லம்மா" என்றேன். திரை வந்ததே தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அக்கா. தூரத்து மலையையும் கடலையும் அது காட்டட்டும். ஆனால் குழந்தை படித்துவிட்டாள் என்று எனக்குச் சொல்லும் வேலையை அதனிடம் விட எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை செல்வி விடுப்பு போட்டு, நாலைந்து தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். காலையில் டேப்பை எடுக்கும் முன் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வரியைத் தனியாகப் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். சரியென்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நடக்கிறதா? எனக்குச் சந்தேகம்தான். செல்விக்கு என்னைவிட அதிகம்.

நேற்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சமையலறையில் யாழினியின் குரல் கேட்டது. தட்டுத் தடுமாறி நாலு வரி படித்தாள்.

"இப்ப கீழேருந்து மேல படி."

"ஏம்மா, நம்பலியா?"

"உன்ன நம்பறேன். உங்க ஸ்கூலத்தான் நம்பல. படி."

நான் மிக்சியை நிறுத்திவிட்டு நின்றேன். உங்களோடு அத்தனை வருடம் வேலை பார்த்ததில் என்னிடம் தங்கியது இதுதான் அக்கா, ஒரு குழந்தை தனியாகப் படிக்கும்போது கையிலிருக்கும் வேலை ஓடாது. கீழிருந்து இரண்டாவது வரியில் ஓர் எழுத்தை விழுங்கினாள். செல்வி விடவில்லை. திரும்பப் படித்தாள், இந்த முறை முழுசாக.