இட்லித் தட்டில் உறைந்த ஓட்ஸ்

ஞாயிறு, இரவு பத்தே கால்.

தூக்கம் வரவில்லை. நாளையிலிருந்து என் மனைவி செல்விக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஷிஃப்ட். ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள். பெண் பவிக்கு டிபன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போன வாரம் வெறும் வயிற்றோடு போய் ஸ்கூல் பிரேயரில் மயங்கி விழுந்தவள் அவள்.

நொய் மாதிரி உடைத்த ஸ்டீல் கட் ஓட்ஸ் வேக அரைமணி ஆகிறது. எனக்குக் கண் திறக்கவே அரைமணி. அதனால் மதியமே மிளகு, இஞ்சி போட்டு ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் குக்கரில் வேகவைத்து, இட்லித் தட்டுகளில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் கல் மாதிரி வில்லைகள்! காலையில் தண்ணீர் விட்டுச் சூடாக்கினால் போதும்.

"இன்னா நைனா, இத்த துன்னா பல்லு மிஞ்சுமா?" என்றாள் பவி.

சமையலில் என் லட்சணம் அப்படி. இரண்டைச் சூடாக்கிக் கொடுத்தேன். வழித்துச் சாப்பிட்டாள்.

"இன்னொன்னு கீதா?" என்று தட்டை நீட்டினாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கு என் பெண் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். இதற்குள் நாலு தடவை ஃப்ரீஸரைத் திறந்து பார்த்துவிட்டேன்.

"அது இன்னா ஓடியா பூடும்? லைட்ட அணைச்சிட்டு படுய்யா" என்கிறாள் செல்வி.