தாய்மாமன் மாலை

கோபன்ஹேகன்,
மே 12

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு, கூட வேலை பார்ப்பவரின் மகளுக்கு உறுதிபூசுதல். பதினான்கு வயதில் தேவாலயத்தில் நடத்தும் சடங்கு. விருந்தில் சொந்தக்காரர்கள் எழுந்து அவளைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். நீடாமங்கலம் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவான், சடங்கன்று முதல் மாலையும் அவன்தான் போடுவான் என்றேன்.

“உங்க அக்கா பொண்ணுக்கு நீங்க கட்டினீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“கட்டினேன்” என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

“தாய்மாமன் நீ இல்லாம எப்படிடா?” என்று மகிழாவின் சடங்குக்கு நாள் குறித்தபோது நீ போனில் அழுதாய். லீவு கிடைக்கவில்லை என்றேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை, அக்கா. புது வேலை, கேட்கப் பயம்.

மகிழா இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாளா? முடிந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று. விருந்து வைத்த வீட்டில் அந்தச் சடங்குப் படம் கேட்கிறார்கள். எனக்குப் பதிலாகப் பெரியப்பா மகன் செல்வேந்திரன் மகிழாவுக்கு மாலை போட்டானே, அதில் அவன் முகம் தெரியாத படம் ஒன்று இருந்தால் அனுப்பு.

உன் தம்பி,
இளஞ்செழியன்