மழையில் தெளிந்த ஓடை

கித்துள்மலைத் தோட்டம், பதுளை.
விரோதிகிருது ஆண்டு, தை 20.

அன்பு மகள் விசாலாட்சிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை புஷ்பம் மூவரும் உயிரோடு இருக்கிறோம். கடல் தாண்டிப் பேராக்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எட்டு வயதில் ஒரு நாள் என் குடைக்குள் நின்றுகொண்டு, மழை பெய்யும்போதே ஆறு குறையுமா அப்பா என்று கேட்டாய். அப்படி ஓர் ஆறு உலகத்திலேயே இல்லை என்று சிரித்தேன். அது தவறு மகளே. முந்தாநாள் என் கண்ணாலேயே பார்த்தேன்.

நம் கித்துள் ஓடையை நினைவுபடுத்திக்கொள். இடது கையில் இரண்டு விரலை மட்டும் நீட்டினால் அதுதான் அதன் படம். ஒரு விரல் நமுனுகலை மலைக் காட்டுக்குள்ளிருந்து தெளிவாக வரும் கிளை. மற்றது, நீ கப்பலேறிய பிறகு தேயிலை நடுவதற்காகக் காடு வெட்டிய சரிவிலிருந்து வருவது, மழை விழுந்தால் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். இரண்டும் சேர்ந்தபின் மணிக்கட்டுப் போல ஒடுங்கிய பாறை இடுக்கு, அதைத் தாண்டித் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயம், அதில்தான் நாங்களும் தங்கியிருந்த புஷ்பத்தின் ஒற்றை அறைக் காம்பரா, பக்கத்திலேயே துவைக்கும் கல், அப்புறம் ஓடை பதுளை ஓயா ஆற்றில் போய் விழுகிறது. துவைக்கும் இடத்துப் பாறையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் போட்ட சுண்ணாம்புக் கோடு உனக்குத் தெரியும். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் இறங்கலாம் என்று எத்தனை வருடம் பாடமாகச் சொன்னேன்.

ஐந்து நாள் விடாத மழை. மாரியம்மன் திருவிழாவுக்கு ஓடையில் நீர் முகந்து, செம்பில் அம்மனை இறக்கிக் கரகம் பாலிக்க வேண்டும், சேற்றுத் தண்ணீரில் எப்படி முகப்பது என்று கந்தப்பன் கங்காணி கவலையில் இருந்தார். முந்தாநாள் பகலில் மழை நிற்காமலே தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனது, தெளிந்தும் விட்டது. ஆத்தா வழி விட்டுட்டா என்று மேளத்தோடு எல்லோரும் இறங்கினார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. தெளிந்த கிளை மட்டும் வருகிறதென்றால் சிவந்த கிளை எங்கே போயிற்று? சரிவு இடிந்து அதை மேலே அடைத்திருக்க வேண்டும், அடைப்புக்குப் பின்னால் குளம் போல நிறைந்துகொண்டிருக்க வேண்டும். வாய்க்காலைக் காலால் மறித்து விளையாடுவீர்களே, காலை எடுத்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்பது போலக் கேட்டும் பார்த்தேன். கங்காணி சிரித்தார். “வாத்தியாரய்யா, நீங்க போட்ட கோடுதானே எறங்கச் சொல்லுது. பள்ளிக்கூடத்தை விட்டதும் பாடத்தையும் மாத்திட்டீங்களா?” முழங்கால் தண்ணீரில் நின்ற புஷ்பம், மானம் போகுது, பேசாம இருங்கப்பா என்றாள்.

அதற்கு மேல் சொல்லிப் பயனில்லை. பூசாரி நீர் முகக்க வைத்திருந்த கரகச் செம்பைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்து மேட்டுக்கு ஓடினேன். என்னை அடிப்பதற்குத்தான் சனம் அத்தனையும் துரத்தி ஏறியது. கங்காணி என் சட்டையைப் பிடித்து, “சாமி செம்பத் தொட்டுட்டியேடா” என்று கையை ஓங்கினார். அப்போது மலை இடிந்தது போல் கீழே சத்தம். திரும்பிப் பார்த்தால் லயத்தில் பாதி இல்லை, துவைக்கும் கல் இல்லை, என் கோடு இருந்த பாறையும் இல்லை. ஓங்கிய கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார் மனுஷன். பெரியாயி உனக்கு நினைவிருக்கும், காது கேளாதவள். பாறைக்கு அந்தப் பக்கம் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தாளாம், எங்கள் கூச்சல் அவளுக்கு எட்டவில்லை. இன்னும் கிடைக்கவில்லை. அவளுக்கும் கையைப் பிடித்து அந்தக் கோட்டைக் காட்டியவன் நான்தான்.

கீழ் லயத்தார் எல்லோரும் இப்போது தேயிலை ஸ்டோரில்தான் இருக்கிறோம். மழை விடவில்லை. இன்று காலை எட்டிப் பார்த்தேன், ஓடை மறுபடியும் குறைந்து தெளிகிறது. கங்காணி கம்போடு நின்று யாரையும் கீழே விடுவதில்லை. அம்மா உனக்குக் கறிவேப்பிலைப் பொடி இடித்து வைத்தாள், அதுவும் காம்பராவோடு போயிற்று என்று அழுகிறாள்.

உன் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது, குழந்தை பகலெல்லாம் அதில்தான் விளையாடுகிறான் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை. அம்மன் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், நூறு வயது இருங்கள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் மாப்பிள்ளையோடு ஓடை ஓரமாக மேலே நடந்து போய், அது எத்தனை கிளையாக வருகிறது, எந்தக் கிளை என்ன நிறம் என்று பார்த்துவிட்டு வா.

உன் அப்பா,
தம்பையா