உங்கள் கார்டில் குமார்

மாமா,

இன்று காலை காலேஜுக்குப் போகும் பெங்களூர் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்தார். பெட்டி முழுக்க உங்கள் நெஞ்சு வாசனை. தூக்கக் கலக்கத்தில், "போதும் மாமா, அடுத்த பெட்டிக்காரனுக்கும் சளி போயிடுச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் முறைத்தார். நீங்களாக இருந்தால், "உன் வாய்க்கு எப்படா ஷிஃப்ட்டு முடியும், நைனா?" என்றிருப்பீர்கள். அதை நினைத்துச் சிரித்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது மறுபடியும் உறைத்தது.

திருச்சியிலிருந்து இந்தத் தங்கச் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் குடியிருப்புக்கு நாங்கள் சாமான் இறக்கிய அன்று, அடுத்த வீட்டு வாசலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நின்றீர்கள். "எந்த ஷாஃப்ட்டு?" இதுதான் நீங்கள் கேட்ட முதல் கேள்வி. எங்கள் ஊரில் சம்பளம் கேட்பார்கள், சாதி கேட்பார்கள். இங்கே எந்தச் சுரங்கம் என்று கேட்கிறார்கள். "அப்பா ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் வெல்டர். நாங்க தரைக்கு மேலதான் மாமா" என்றேன். "அப்போ காத்து நல்லா வாங்குவே. குடுத்து வெச்சவன்" என்று சிரித்தீர்கள். சிரிப்பு பாதியிலேயே இருமலானது. பூமிக்கடியில் வருடக்கணக்காகப் பாறைத்தூள் தின்ற நெஞ்சு என்று பிற்பாடு அத்தை சொல்லித்தான் தெரியும்.

நானோ வந்த வேகத்திலேயே வம்பை வாங்கினேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், சைனைடு மேடாக மலைபோல் நிற்கிறதே, அதன்மேல் பையன்கள் தகரத்தில் உட்கார்ந்து சறுக்குவார்கள். நான் நின்றுகொண்டே சறுக்குவேன் என்று பந்தயம் கட்டினேன். தகரம் என் வலது உள்ளங்கையைக் கிழித்தது. அம்மாவுக்குத் தெரியாமல் கைக்குட்டைக்குள் மறைத்து வைத்தேன். கை இட்லிப்பானை மாதிரி வீங்கி, சிவப்புக் கோடு ஒன்று முழங்கையை நோக்கி ஏறி, காய்ச்சல் அடித்த பிறகு எங்கே மறைப்பது?

கம்பெனி ஆஸ்பத்திரி சுரங்கக் குடும்பங்களுக்கு மட்டும். ஃபேக்டரியில் கேட்டால், கான்ட்ராக்ட் ஆளுக்கு ஆஸ்பத்திரிக் கார்டு இல்லை. கான்ட்ராக்டரைக் கேட்டால், "பர்மனென்ட் ஆகட்டும், பார்க்கலாம்." எல்லோரும் கையை விரித்தார்கள். என்னால்தான் விரிக்க முடியவில்லை.

திருச்சிக்கே திரும்பிவிடலாம் என்று அம்மா பெட்டியை எடுத்தபோது நீங்கள் உள்ளே வந்து கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். "ரயிலு போய்ச் சேர்றதுக்குள்ள இது தோளுக்கு ஏறிடும், தங்கச்சி. எம் பையன் குமாரு பெங்களூர்ல கீறான். அவன் பேரு என் ஆஸ்பத்திரி கார்டுல சும்மா குந்திக்கினு கீது. நாளைக்கு இவன்தான் குமாரு."

பின்னாலேயே வந்த அத்தை பதறினார். "மாட்டிக்கினா உன் கார்டையே புடுங்கிடுவாங்க. அப்புறம் மூச்சுக்கு இன்னா பண்ணுவே?"

குளிர் வந்தால் உங்களுக்கு ஆக்சிஜன் வைப்பதும், மாதா மாதம் மருந்து தருவதும் அந்தக் கார்டுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "புடுங்கட்டும்" என்றீர்கள். "புடுங்குறதுக்குள்ள கை ஆறிடும்."

மறுநாள் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஒத்திகை. குமாரின் பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், உங்கள் ஷாஃப்ட். நான் குமாரின் நடை எப்படி என்றுகூடக் கேட்டேன். "உன்னாட்டம் குரங்கு நடை இல்ல" என்றீர்கள். ஜன்னலில் சீட்டு எழுதுபவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்.

திடீரென்று தரை ஒரு உதை உதைத்தது. ஜன்னல்கள் கடகடத்தன, எங்கோ எவர்சில்வர் தட்டு விழுந்தது. "பூகம்பம்! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு பெஞ்சைத் தாண்டினவன், வாசல் வேப்பமரத்தடியில்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு ஈ, காக்கா வரவில்லை.

உள்ளே யாரும் எழுந்திருக்கவே இல்லை. ஒரு பெண் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் சலைன் கம்பியைப் பிடித்தார். எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பி, ஆபத்துச் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்தன. பூமிக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கிறது. அந்த அதிர்வில் உங்கள் ஊர்க் குழந்தைகள் தொட்டிலில் புரண்டுகூடப் படுக்காதாம். சங்கு ஊதவில்லை. கூடமே மூச்சு விட்டது. பிறகு கூடமே என்னைப் பார்த்தது.

கம்பவுண்டர் வெளியே வந்தார். "சுரங்கத்துக்காரன் புள்ள இதுக்கு ஓடமாட்டான். யார்ரா நீ?"

நீங்கள் இரைக்க இரைக்க வந்தீர்கள். "எம் பையந்தான் சார். பயந்த சுபாவம்."

"உம் பையன எனக்குத் தெரியாதா? கார்டக் குடு."

உங்கள் கை சட்டைப் பைக்குப் போனது. எனக்கோ அத்தை பதறியது மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "சார், இவர் எங்கப்பா இல்லை. பக்கத்து வீடு. நான்தான் கூட்டிட்டுப் போங்கன்னு அழுது அடம்பிடிச்சேன்" என்றேன்.

கம்பவுண்டர் என் கையைப் பார்த்தார், உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். "கார்ட உள்ள வை" என்றார் மெதுவாக. "பையன வேற எங்கியாவது கூட்டிக்கினு போ. சீக்கிரம் போ."

தெருவுக்கு வந்ததும் எகிறினீர்கள். "இன்னாத்துக்குடா ஒத்துக்கினே?"

"கை இல்லைன்னா பரீட்சைதான் மாமா எழுத முடியாது. மூச்சு இல்லைன்னா?"

"வாய் மட்டும் வீங்கல பாரு" என்று என் பின்னந்தலையில் ஒன்று போட்டு, பங்காருபேட்டை பஸ்ஸில் ஏற்றினீர்கள்.

அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில்தான் உங்கள் குட்டு வெளிப்பட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியில் பிறந்து, கம்பெனி ஊசியிலேயே வளர்ந்தவர் நீங்கள். நேராக டாக்டர் அறைக்குப் போய்க் கார்டை நீட்டப் பார்த்தீர்கள். "மாமா, முதல்ல சீட்டு வாங்கணும்" என்று நான்தான் இழுத்து வந்தேன். சீட்டு ஜன்னலில் ரேஷன் கார்டு கேட்டார்கள். எங்களுடையது தமிழ்நாட்டுக் கார்டு. ஊருக்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார் ஜன்னல்காரர்.

"கைய மட்டும் இங்க வெச்சிட்டுப் போறோம், பாத்து அனுப்புறியா?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் போய் டாக்டர் அறை வாசற்படியில் உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் என்னையும் இழுத்து உட்கார வைத்தீர்கள். காவலாள் வந்து எழுந்திருக்கச் சொன்னார்.

"எழுந்தா இருமுவேன். இருமுனா நிறுத்தமாட்டேன். பரவால்லியா?"

உள்ளே போக வந்த டாக்டரம்மா எங்களைத் தாண்டத்தான் வேண்டியிருந்தது. குனிந்தார், கையைப் பார்த்தார், எந்தக் கார்டும் கேட்கவில்லை. கீறிச் சீழ் எடுத்தபோது நான் போட்ட கூச்சலுக்கு, மறு கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது இன்னும் கேட்கிறது: "கத்துடா நைனா. கத்துறதுக்குக் கார்டு வாணாம்."

விரல்கள் மடங்கின, விரிந்தன. கட்டு மாற்றப் போன நாளெல்லாம் நீங்களும் கூடவே வந்தீர்கள். எனக்குத்தான் வழி தெரியுமே என்றால், "எனக்குத் தெரியாதில்ல" என்பீர்கள்.

போன வருடம் சுரங்கத்தை மூடினார்கள். உங்கள் கார்டு வெறும் அட்டையானது. ஆடிக் காற்றில் இரைப்பு முற்றியபோது சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக நீங்கள் முதல்முறையாகத் தயங்கினீர்கள். "அங்க நம்பள யார்ரா கண்டுக்குவாங்க?" பிறந்த ஊரிலேயே நீங்கள் புது ஆளாகி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆட்டோ பிடித்தேன். சீட்டு வாங்கினேன், காவலாளிடம் கத்தினேன், டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்தார். ஆடியைத் தாண்டினீர்கள். ஐப்பசி மழையைத்தான் தாண்டவில்லை.

அத்தையை நான் விடவில்லை, மாமா. "எனக்கு ஒண்ணுமில்ல, போடா" என்று திட்டிக்கொண்டேதான் மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அங்கே வருகிறார். அவரைப் பார்த்து, கம்பெனி ஆஸ்பத்திரி தவிர வேறு படி ஏறியறியாத நம் வரிசை வீட்டுப் பெண்களும் இரண்டொருவர் என்னோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

போன வாரம் கோடி வீட்டில் ஒரிசாக் குடும்பம் ஒன்று குடியேறியது. அவரும் கான்ட்ராக்ட்தான். கைக்குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அந்த அம்மா பாஷை புரியாமல் எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறார். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் ஆளைக் கலாய்க்கக் கற்றது, காய்ச்சலுக்கு உதவாது. ஆகவே சைகையில் சொல்லியிருக்கிறேன்: நாளைக்கு முதல் பஸ், பங்காருபேட்டை. காலேஜில் வாத்தியார் கதவைச் சாத்துவார். சாத்தட்டும். சீட்டுத் தந்தால் வரிசையில் நிற்போம். தராவிட்டால் வாசற்படி இருக்கிறது. அகலமான படிதான் மாமா, குழந்தையோடு மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.