ஏரியை எரி என்று வாசித்த அவையோருக்கு

மங்கலம் பெருகுக. ஏழு மலையும் இரு கடலும் எல்லையாகக் கொண்ட வேய்நாட்டை நெறி வழுவாது ஆளும் கோ வாகைப்பெருமானார் திருவுளப்படி, அவர்தம் நீர்நிலை அமைச்சர் செங்கண்ணனார் விடுக்கும் ஓலை. குறுந்துறையூர்ப் பா ஆய்வு அவையின் தலைவரும், அவ்வூர் முறையீட்டு ஓலைகளை வாங்கும் அதிகாரியும், சொல்வேழம் என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவருமாகிய நம்பி வேண்மாடனாரும், அவரைச் சூழ்ந்த புலவர் பதினெழுவரும் காண்க. நும் ஊரும் மனையும் கன்றுகாலியும் நலமாகுக. அவற்றுள் இன்னும் எஞ்சியிருப்பவை எவையோ, அவையேனும் நலமாகுக.

ஏரி உடைந்த எட்டாம் நாள் நீவிர் அரண்மனைக்கு அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. நாலடிப் பாட்டு ஒன்றும், அதற்கு நாற்பது ஏட்டில் உரையும், வருவதை முன்கூட்டியே உரைத்த அப்பாட்டைக் கண்டெடுத்த அவைக்குப் பரிசில் வேண்டும் என்னும் விண்ணப்பமும் அதில் இருந்தன. மன்னர் நும் உரையை மூன்று ஏடு வரை பொறுத்தார். பிறகு பாட்டை எழுதியவரை அழைத்துவரச் சொன்னார். வந்தவர் எயினன் பூதனார், நும் ஊர்ப் பேரேரியின் மடைக்காவலர். அவர் சொன்னதை நுமக்கே எடுத்துரைக்கிறோம். உரை எழுதிய களைப்பில் நீவிர் மறந்திருக்கக்கூடும்.

கார்த்திகை மழை ஐந்து நாள் விடாமல் கொட்டியது. ஆறாம் நாள் காலை கரையின் தென்மூலையில் நீர் கசிவதைக் கண்ட பூதனார், மனைவியையும் கீழூராரையும் அங்கே நிறுத்திவிட்டு, தமக்குத் தெரிந்த எழுத்தில் ஓலை கீறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் எழுதியது இவ்வளவே: ஏரி உடையும். கரை மெலிந்தது. ஆள் விடுக. இன்றே விடுக.

நம்பியாரோ அன்று மண்டபத்தில் அவை கூட்டியிருந்தார். முறையீட்டுக்கும் பாட்டுக்கும் ஒரே குடம் வைத்திருந்தார். இரண்டையும் வாசிப்பவர் தாமே என்பதால் இரண்டு குடம் வீண் என்பது அவர் கருத்தாம். பூதனார் ஓலையைக் குடத்தில் இட்டார். உடனே அவர் கையில் ஒரு வெற்றிலையைக் கொடுத்து, அதை வாயில் அடக்கிக்கொண்டு, எல்லாரும் பேசி முடிக்கும் வரை வாய் திறவாதிருக்க வேண்டும் என்றார்கள். பாட்டெழுதியவர் தம் பாட்டின் குறைகளைக் கேட்கும்போது குறுக்கே வாதாடாதிருக்க நும் அவை கண்டுபிடித்த வழக்கம் அது. அதிகாரிகளிடம் முறையிடும் முறையே இதுதான் போலும் என்று எண்ணிய பூதனார், பணிவோடு வாயை மூடிக்கொண்டு நின்றார். அந்தப் பணிவை நினைக்கும்போதெல்லாம் எமக்கு வயிறு எரிகிறது.

நம் ஓலையெழுத்தில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். இடம் நோக்கிப் படித்துக்கொள்ளப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவார்கள். கூரை ஒழுகும் மண்டபத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருந்த நம்பியார், எரி உடையும் என்று குறுக்கி வாசித்தார்.

தீ உடைவதாக இதுவரை எவரும் பாடியதில்லை, இது காமத் தீயேதான் என்று வியந்தார் ஒருவர். கரை என்பது தலைவியின் பொறுமை, மெலிந்தது அவள் இடை என்று இன்னொருவர் நுணுகினார். ஆள் விடுக என்ற இடத்தில், அந்த ஆளைக் கைவிட்டுவிடு என்று தோழி சொல்வதாகக் கொண்டு, இவ்வளவு கல்நெஞ்சமா என்று கண்கலங்கினாராம் மற்றொருவர். விடுக என்று இருமுறை வருவது கூறியது கூறல் என்னும் குற்றம் என்று கண்ட நம்பியார், இன்றே விடுக என்பதை எழுத்தாணியால் கீறி அடித்தார். கடைசியாகப் பேசிய புலவர், இதை எழுதியவன் மடையன் என்றார். அன்று அவ்வவையில் சொல்லப்பட்டவற்றுள் உண்மை அது ஒன்றுதான்.

பூதனார் கையை ஆட்டினார், காலில் விழுந்தார், ஏரி இருக்கும் திசையைக் காட்டினார். குறை கேட்கும் பக்குவம் இவருக்கு இல்லை என்று அவையோர் தமக்குள் வருந்திக்கொண்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் பொறுக்கமாட்டாமல் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அது எரி அன்று, ஏரி என்று அவர் அலறினார். அதற்கு நம்பியார் அளித்த தீர்ப்பைக் கேட்டு மன்னர் இருக்கையை விட்டே எழுந்துவிட்டார். ஓலையில் இருப்பதே பாட்டு, எழுதியவர் பின்னால் சொல்லும் விளக்கம் அவையில் செல்லாது, தவிரவும் ஏரி என்று கொண்டால் பாட்டின் தரம் தாழ்ந்துவிடும் என்றாராம் அவர்.

பூதனார் திரும்பி ஓடினார். பாதி வழியிலேயே வெள்ளம் அவருக்கு எதிரே வந்தது. கீழூரார் தம் வீட்டுக் கதவுகளைக் கழற்றிவந்து கரைக்கு அண்டைகொடுத்துப் போராடியதால் உயிர்கள் தப்பின. கதிர் பிடித்த வயல் ஒன்றும் தப்பவில்லை. கதவொன்று சரிந்து பூதனார் மனைவியின் கால் நசுங்கியது. அவ்வம்மையாரால் இன்றும் காலை ஊன்றமுடியவில்லை. அது நும் நாற்பது ஏட்டில் எங்கும் இல்லை.

நீவிர் பதினெண்மரும் மண் சுமந்து அக்கரையை அடைக்க வேண்டும் என்பதே மன்னரின் முதல் எண்ணம். பதினெட்டுக் கூடைகளும் எடுத்து வைத்தாயிற்று. அதைக் கேட்ட பூதனார் பதறி வணங்கி, மழைக்காலம் இன்னும் முடியவில்லை, கரை விரைந்து எழவேண்டும், ஆகையால் அந்தப் பெரியவர்களை மட்டும் அனுப்பவேண்டாம், வேறு எவரையாவது அனுப்பியருளுக என்று விண்ணப்பித்தார். அவர் குரலில் சினமே இல்லை. வேலை தெரிந்தவர் வேலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். மன்னர் ஏற்றுக்கொண்டார்.

ஆதலால் முறையீட்டு ஓலை வாங்கும் பதவி இன்றோடு நம்பியாரை விட்டு நீங்கியது. படைவீரர் முந்நூற்றுவர் பூதனார் ஏவலின்கீழ் மண்வெட்டியோடு புறப்பட்டுவிட்டனர். வேங்கைப்பூ முத்திரை பொறித்து, செங்கண்ணனார் கையெழுத்திட்டு விடுத்த இவ்வோலையின்வழி நும் அவைக்கு மன்னர் இடும் ஆணை ஒன்றே. வீரர் வரும் பாதை நும் மண்டபத்து வாயிலை ஒட்டிச் செல்கிறது. அவர்கள் வரும்போது சற்றே ஒதுங்கி நில்லுங்கள்.