எட்டு மைக்கிலும் என் குரல்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நான் சௌக்கியம், இருமல்கூட விட்டுவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அத்தையின் முட்டிவலி தேவலையா?

நேற்று ஒரு டிரம்ஸ்காரர் வீட்டில் ரெக்கார்டிங். இஸ்திரி மேசையில் லேப்டாப்பை வைத்து, டிரம்ஸைச் சுற்றி எட்டு மைக் நிறுத்தினேன். அவர் ஒரு தடவை வாசித்து முடித்ததும் போட்டுக் காட்டினேன். டிரம்ஸுக்கு முன்னால் என் குரல் வருகிறது! "அந்த ஒயரைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. கால் தடுக்கப்போகுது, பாத்து." மைக் மாட்டும்போதே ரெக்கார்ட் பட்டனை அழுத்தித் தொலைத்திருக்கிறேன்.

"நான் டீ போடப் போயிருந்தேனே, யார்கிட்ட சார் பேசுனீங்க?" என்றார்.

"போன்ல" என்று சமாளித்தேன். என் போன் அவர் சமையலறையில்தான் சார்ஜில் கிடந்தது. மனுஷர் சிரித்துவிட்டு, "அந்தப் பேச்ச மட்டும் அழிச்சிடுங்க" என்றார். நீயும் சிரித்துக்கொள்.

லீவில் என்னோடு ஒயர் பிடிக்க வந்தபோது, அடையாளத்துக்கு ஒவ்வொரு ஒயரிலும் நீ சுற்றிவிட்ட கலர் நூல் அவிழ்ந்துவிட்டது. அதே நூல்கண்டுகளிலிருந்து கொஞ்சம் அனுப்பு. இங்கே நூலுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. இருந்தாலும் அனுப்பு.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன். அந்தப் பேச்சை நான் அழிக்கவில்லை. ராத்திரி அறையில் மறுபடி கேட்டேன். "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்லி முடிக்கிற அளவுக்குப் பேசாமல் நின்றிருக்கிறேன்.

உன்
ஒயர்க்காரன்